600 புள்ளி உயரத்தில்

ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளியின் பணிப்பட்டையில், கடிகாரத்துக்கு அருகே சின்னஞ்சிறு கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. செயலி எவ்வளவு வேலை பார்க்கிறது என்பதை அதில் மெல்லிய கோடுகள் நகர்ந்து நகர்ந்து சொல்லும். ஒரு கோப்பைத் திறந்தால் கூம்பு ஒன்று எழும். திறந்து முடிந்த கணமே கோடு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் எனக்குப் பிடித்தது. வேலை இல்லாதபோது கணினி உண்மையிலேயே சும்மா இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்றைய பெரிய இயங்குதளங்களில் இந்தச் சும்மா இருத்தலைக் காண்பது அரிது. யாரும் எதையும் தொடாதபோதும் உள்ளே ஏதோ ஒன்று தேடிக்கொண்டே, பட்டியலிட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கோட்டை நான் பார்க்கும் நெட்புக் என்ற சின்ன மடிக்கணினி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கின் மேசையில் இருக்கிறது. கணக்கெழுதும் அண்ணன் போடிநாயக்கனூர்க்காரர். ஏலக்காய் வழியாகக் கொச்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். போடி வியாபாரிகளுக்குத் தமிழில் கடிதம், சுமைக்காரர்களுக்கு மலையாளத்தில் சீட்டு, அன்றாட வரவு செலவு, இவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் அதையும் அது செய்ய மறுத்துக்கொண்டிருந்தது. "தம்பி, இத ஆன் பண்ணிட்டுப் போயி ஒரு லோடே எறக்கிட்டு வந்துரலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை, பழகிப்போன ஒரு வருத்தம்தான் இருந்தது.

ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம், 1024க்கு 600 புள்ளித் திரை. 2008இல் வந்த இந்தச் செயலியை நான் மதிக்கிறேன். 2.5 வாட் வெப்பத்துக்குள் அடங்கும்படி வடிவமைத்தார்கள். அதற்காக, வரும் கட்டளைகளை முன்பின் மாற்றி ஓட்டும் சாமர்த்தியத்தைத் துறந்து, வந்த வரிசையிலேயே செய்து முடிக்கும் முறைக்குத் திரும்பினார்கள். வேகம் குறைவுதான். ஆனால் ஒரு கடிதம் எழுத 1.6 கிகாஹெர்ட்ஸ் போதாது என்று யாராலும் சொல்ல முடியாது.

இடைஞ்சல் வேறெங்கோ இருந்தது. வட்டின் விளக்கு அணையாமல் எரிந்ததே அதைக் காட்டிக்கொடுத்தது. நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் அதன் சில பக்கங்களை வட்டுக்குத் தள்ளும், தேவைப்பட்டால் திரும்ப இழுக்கும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. இந்தச் செயலிக்கோ ஒரு மில்லிவினாடி என்பது 16 லட்சம் துடிப்புகள். ஒவ்வொரு இழுப்புக்கும் கோடிக்கணக்கான துடிப்புகள் அது கைகட்டி நின்றது.

அதனால் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12ஐ நிறுவினேன். அதற்கு ஓர் உள்ளூர்க் காரணமும் உண்டு. உலகெங்கும் உள்ள டெபியன் தன்னார்வலர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் டெப்கான்ஃப், இந்தியாவில் முதன்முறையாக நடந்தது கொச்சியில்தான், 2023 செப்டம்பரில், காக்கநாட்டில். அதே ஆண்டு ஜூனில்தான் 12ஆம் பதிப்பு வெளியாகியிருந்தது. கேரளப் பள்ளிகளிலும் இந்த வழி புதிதல்ல. 2001இல் தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, பிள்ளைகளுக்கு லினக்ஸில்தான் கணினி கற்றுத் தருகிறது. அண்ணனின் மகள் பள்ளி விட்டு வந்து திரையைப் பார்த்தவள், என்ன இது என்று கேட்கவே இல்லை. நேராகக் கோப்புகளைத் திறந்தாள்.

நிறுவலின் கடைசிக் கட்டத்தில் ஒரு பட்டியல் வரும். முழு மேசைச் சூழல்கள் பல, அச்சு, இணையச் சேவையகம் என்று வரிசையாக நிற்கும். முன்கூட்டியே குறியிட்டிருப்பவற்றை இடைவெளி விசையால் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். பஜார் ரோட்டில் மிளகைச் சலித்துப் புடைத்துக் காம்பும் தூசியும் பொக்கும் நீக்கி முதல் தரமாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டத்தின் இன்பம் புரியும். எடுக்க எடுக்கச் சரக்கின் மதிப்பு கூடுகிறது. அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஐஸ்டபிள்யூஎம், ஓர் எளிய கோப்பு மேலாளி, அபிவேர்டு, நியூமெரிக் என்று வேண்டியதை மட்டும் ஏற்றினேன். மேசை தோன்றிய பிறகு நினைவகக் கணக்கைப் பார்த்தால், 200 எம்பிகூட நிரம்பவில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இசட்ராம். நெடுநேரம் தொடாமல் கிடக்கும் 4 கேபி பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல், நினைவகத்திலேயே சுருக்கி ஒதுக்கி வைக்கும் உத்தி இது. எழுத்தும் கணக்கும் நிறைந்த பக்கங்கள் பெரும்பாலும் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மறுபடி விரிக்க மைக்ரோவினாடிகள் போதும். வட்டோடு ஒப்பிட்டால் அது நேரமே இல்லை. இதைத் தொடங்கியவர் நிதின் குப்தா என்ற இந்தியப் பொறியாளர். காம்ப்கேச் என்ற பெயரில் பிறந்து, பல ஆண்டுகள் சோதனைப் பகுதியில் காத்திருந்து, 2014இல் 3.14ஆம் பதிப்போடு லினக்ஸ் கருவின் முறையான பகுதியானது. இன்று எத்தனையோ ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள்ளும் ஓடுகிறது. டெபியனில் இதை அமைக்க முக்கியமாக இரண்டு வரி போதும்: எந்தச் சுருக்க முறை, நினைவகத்தில் எத்தனை சதவீதம். இவ்வளவு பெரிய உதவிக்கு இவ்வளவு சிறிய கைப்பிடி வைத்தவர்களின் ரசனையை என்னவென்று சொல்ல! அதன்பின் வட்டின் விளக்கு எப்போதாவதுதான் மினுக்குகிறது.

ஐஸ்டபிள்யூஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து படிப்பதே ஓர் அனுபவம். 1997 முதல் வளர்ந்துவரும் மென்பொருள் அது. சாளரத்தின் நடத்தைக்குரிய ஒவ்வொரு தேர்வும் ஒரு வரி, அதற்கு மேலே என்ன செய்யும் என்ற சிறு விளக்கம், பக்கத்தில் பெரும்பாலும் 0 அல்லது 1. வரியின் தொடக்கத்தில் இருக்கும் # குறியை நீக்கினால் அது உயிர்பெறும். ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. எழுதியவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து, இதை இப்படியும் வைக்கலாம், அப்படியும் வைக்கலாம் என்று பொறுமையாகச் சொல்வது கேட்கும்.

இன்னொரு நயம். 600 புள்ளி உயரம் என்பது பல நிரல்களுக்குப் போதாது. அமைப்புப் பெட்டி திறந்தால் அதன் "சரி" பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். நெட்புக் வைத்திருந்த எல்லாருக்கும் இந்தத் துன்பம் தெரியும். இங்கே ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சாளரத்தின் எந்த இடத்தையும் பிடித்து மேலே இழுக்கலாம். தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, பொத்தான் மேலேறி வந்துவிடும். அண்ணனுக்குக் காட்டினேன். ஒரு பெட்டியைத் திறந்து மேலும் கீழும் பலமுறை இழுத்துப் பார்த்தார்.

தமிழுக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை திரை அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. தனி உள்ளீட்டு மென்பொருள் வேண்டாம், அதற்கான நினைவகமும் மிச்சம். எழுத்துருவுக்கு மீரா இனிமை. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வக் குழு தமிழுக்கென்று ஆக்கித் தந்த எழுத்துரு அது. மலையாளத்தின் ரசனா, மீரா எழுத்துருக்களைத் தந்த கே.எச். ஹுசைன் இதையும் வடிவமைத்தார். குறைந்த புள்ளிகளே உள்ள இந்தத் திரையிலும் அதன் வளைவுகள் கலங்காமல் நிற்கின்றன. தமிழ்க் கடிதமும் மலையாளச் சீட்டும் அடுத்தடுத்த சாளரங்களில் இருக்கும்போது, இரண்டும் ஒரே கை எழுதியதைப் போல ஒத்துப்போவதை அங்கேதான் கவனித்தேன்.

எல்லாம் இது செய்யும் என்று சொல்லமாட்டேன். இன்றைய இணையதளங்கள் சில, ஒற்றைத் தாவலிலேயே 1 ஜிபியை விழுங்கப் பார்க்கும். நகர்படம் 360 வரி வரை ஓடும், உயர்தரத்தில் திணறும். எறணாகுளம் பென்டா மேனகாவில் பழைய நினைவகத் தகடு வாங்கி 2 ஜிபி ஆக்கலாம், இந்த வகைப் பலகைகளுக்கு அதுதான் உச்சவரம்பு. கிடங்குக்கு அது தேவைப்படவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு இல்லை. 12ஆம் பதிப்பே இவற்றுக்குக் கடைசி. அதனால் அந்தப் பதிப்பின் 32 பிட் கோப்பை, சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்து ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். பிரதி எடுத்துக் கொடுக்க அதன் உரிமமே இடம் தருகிறது. அலமாரி மேல் நெட்புக் தூசி படிந்து கிடக்கும் வீடு மட்டாஞ்சேரியில் இன்னும் பல இருக்கும். கேட்கிறவர்கள் வெறும் 4 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தால் போதும், சாயங்காலம் கிடங்கு மேசையிலேயே பிரதி எடுத்துத் தருகிறோம்.