சேவைத்துறைக் கூட்டுச் சுட்டெண் : ஓர் ஆய்வு

அரிசியைக் கொத்தினால் அளக்கலாம்; துணியை முழத்தினால் அளக்கலாம். ஆசிரியரின் போதனையையும் வைத்தியரின் சிகிச்சையையும் எதனால் அளப்பது? சேவைகள் களஞ்சியத்தில் அடுக்கி எண்ணத்தக்கன அல்ல. ஆதலின், அத்துறையின் ஏற்ற இறக்கங்களை அறிய விழைவோர் பல குறிகளை ஒன்றாக இணைத்துக் கூட்டுச் சுட்டெண் சமைக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் வழங்கல் முகாமை நிறுவகம் 2008 சனவரி முதல் வெளியிட்டுவரும் சுட்டெண் இவ்வகையிற் புகழ்பெற்றது.

அதன் அமைப்பு எளிது. தொழில் நடவடிக்கை, புதிய கட்டளைகள், வேலைவாய்ப்பு, வழங்குநரின் விநியோகம் என்னும் நான்கினைப் பற்றியும் கொள்வனவு முகாமையாளரிடம் மாதந்தோறும் வினவப்படும். கூடிற்று என்போரின் நூற்றுவீதத்துடன், மாற்றமில்லை என்போரின் நூற்றுவீதத்திற் பாதியைக் கூட்டுவர். 50இற்கு மேற்படின் வளர்ச்சி; குறையின் தளர்ச்சி. நான்கிற்கும் சம நிறையிட்டுக் கண்ட சராசரியே கூட்டுச் சுட்டெண்ணாகும். விரைவும் எளிமையும் இம்முறையின் சிறப்புக்கள். ஆயினும், இது மாற்றத்தின் பரப்பைக் காட்டுமேயன்றி அதன் அளவைக் காட்டாது.

இதனினும் பெரிய குறை விநியோகக் குறியில் உள்ளது. விநியோகம் தாமதமாயின் இக்குறி உயரும். கேள்வி மிகுந்தமையால் வழங்குநர் ஓய்வின்றி உழைக்கின்றனர் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. பண்ட உற்பத்திக்கென வகுத்த இக்கருத்து சேவைத்துறைக்கும் எடுத்தாளப்பட்டது. 2020 ஏப்பிரிலில், கொரோனாத் தொற்றினால் விநியோகம் தடைப்பட்டபோது இக்கருத்துப் பொய்த்தது. முதலில் வெளியான அறிக்கையின்படி நடவடிக்கை 26.0, கட்டளைகள் 32.9, வேலைவாய்ப்பு 30.0 எனச் சரிந்தன. விநியோகக் குறியோ 78.3 ஆக உயர்ந்தது. சராசரி 41.8 ஆயிற்று. முதல் மூன்றை மட்டும் கொள்ளின் சராசரி 29.6 மட்டுமே. முடக்கத்தால் வந்த தாமதம் செழிப்பின் அடையாளமாக எண்ணப்பட்டு, வீழ்ச்சியின் கடுமையை மறைத்துவிட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. நான்கு பானைச் சோற்றையும் கலந்தபின் எப்பானை வேகவில்லை என எவ்வாறு அறிவது? அந்நிறுவகம் உறுப்புக் குறிகளையும் உடன் வெளியிடுவது பாராட்டத்தக்கது. ஆனால், தலைப்பெண்ணை மட்டும் நோக்குவோர்க்கு அதனாற் பயனில்லை. ஒரு குறியின் உயர்வு எக்காலத்தும் ஒரே பொருளைத் தருமா என்று சோதித்த பின்னரே அதனைக் கூட்டிற் சேர்த்தல் வேண்டும். கூட்டல் எளிது, கூட்டத்தக்கவற்றைத் தெரிந்தெடுத்தலே அறிவு.