மொழியுணர்ச்சியும் மொழியுரிமையும்: முசலியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின், ஈழத்துத் தமிழ்க் கவிதையில் மொழி முதன்மையான பாடுபொருள்களுள் ஒன்றாயிற்று. அது அன்னையாகவும் தெய்வமாகவும் போற்றப்பட்டது. ஆயின், அம்மொழியைப் பேசுவோர் அரச அலுவலகங்களில் எதிர்கொண்ட படிவமும் கடிதமும் அக்கவிதைகளில் அருகியே இடம்பெற்றன. 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகிகள் மறித்தவை கச்சேரி வாயில்களே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மக்கள் இனங்கண்ட களத்தைக் கவிதை தவறவிட்டது எனலாம்.

இது வெறும் இலக்கியக் குறைபாடன்று. மன்னாரின் தென்பகுதியான முசலியை நோக்குமிடத்து இதன் ஆபத்துப் புலனாகும். சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். 1990 ஒக்டோபரில் அவர்களை வடமாகாணத்திலிருந்து வெளியேற்றியோர், தமிழின் பெயராலும் போராடிய விடுதலைப் புலிகள். மொழியை ஓர் இனத்தின் உடைமையாக்கிய கருத்துநிலை, அம்மொழியைப் பேசிய உழைக்கும் மக்களையே அந்நியராக்கியது.

அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்திலே தஞ்சம் புகுந்தனர். அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் (1988) நிர்வாக மொழியை மாகாண எல்லையால் வகுத்தது: வடக்கிலும் கிழக்கிலும் தமிழ், ஏனைய மாகாணங்களிற் சிங்களம். சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பகுதிகளிலும் தமிழிற் கேட்டுத் தமிழில் விடைபெறும் உரிமையை அத்திருத்தமே வழங்கியது உண்மை. ஆயினும், தமிழறிந்த அலுவலர் இல்லாதவிடத்து அவ்வுரிமை ஏட்டளவினதே. வசதியுடையோர் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வர். கடற்றொழிலாளியோ ஒரு நாள் உழைப்பை இழந்து, தமக்கு வந்த கடிதத்தைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்டு நிற்பார். மொழிப் பிரச்சினை வர்க்கப் பிரச்சினையாவது இவ்விடத்திலேயே. 2009இற் போர் முடிந்தபின் மீண்டவர்கள், காடு மூடிய காணிகள் தம்முடையவை என்பதையும் ஆவணங்களாலேயே நிறுவவேண்டியிருந்தது. ஆங்கு ஒரு கடிதத்தின் பொருள் விளங்காமை என்பது காணியை இழத்தலாகவும் முடியலாம்.

முற்போக்கு விமர்சனமும் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் வேண்டும். 'மண்வாசனை' என்ற அளவுகோல் ஒரு காலகட்டத்தில் முற்போக்கான பணியாற்றியது. ஆயின் அது மொழியை மண்ணோடு பிணைத்தது. மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களின் மொழியை அளக்க அது போதாது. மொழியுரிமை மண்ணுக்கோ இனத்துக்கோ உரியதன்று, பேசுவோருக்கு உரியது. அவர் எந்த அலுவலகத்தின் முன் நிற்கிறாரோ, அங்கும் அவரோடு அது செல்லுதல் வேண்டும். தாய்மொழியைப் பாடும் கவிஞரிடம், அதைப் பேசுவோர் அவ்வலுவலகத்திற் படும் பாட்டையும் எழுதுமாறு நாம் கேட்கலாம்.