ரிட்டர்ன் எம்

லுவா நிரல்மொழியில் எழுதும் ஃபைலின் கடைசி வரியாக நிற்கும் 'ரிட்டர்ன் எம்' எனக்கு என்றும் அலுக்காத வரி. மேலே 'லோக்கல் எம்' என்று ஒரு வெற்று டேபிள். நடுவில் ஒவ்வொன்றாக அதில் வந்து சேரும் ஃபங்ஷன்கள். முடிவில் அந்த டேபிளை எடுத்துக் கேட்டவர் கையில் கொடுத்துவிட வேண்டியது. இதற்கென்று தனியாக ஒரு கீவேர்டுகூட மொழியில் கிடையாது.

லுவாவில் ஃபைலே பெயரில்லாத ஒரு ஃபங்ஷன். அழகெல்லாம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஃபங்ஷன் என்பதால் அது எதையும் திருப்பித் தரலாம். உள்ளே லோக்கலாக வைத்தது வெளியே தெரியாது. மாட்யூலின் பெயரும் மூன்று புள்ளி வழியாக ஆர்க்யுமென்டாக வந்துவிடும். மாட்யூலை ஏற்றும் ரிகொயர் முதல் தடவை மட்டும் ஃபைலை ஓட்டி, கிடைத்ததை 'பேக்கேஜ்.லோடட்' டேபிளில் வைத்துக்கொள்கிறது. பிறகு எத்தனை ஃபைல்கள் கேட்டாலும் அதே எம்தான். அந்த இடத்தில் நில் போட்டால் அடுத்த ரிகொயர் புதிதாக ஏற்றும். மறைவாக எதுவுமில்லை.

பைத்தான் அன்பர்கள் 'சிஸ்.மாட்யூல்ஸ் எங்களிடமும் உண்டே' என்பார்கள். உண்டுதான். ஆனால் அங்கே ஃபைலின் மேல்மட்டத்தில் எழுதிய பெயரெல்லாம் வெளியிலிருந்து எட்டும். முன்னால் போடும் கீழ்க்கோடு ஒரு வேண்டுகோள்தான். லுவாவில் எது வெளியே போகலாம் என்பதை எழுதியவரே கடைசி வரியில் முடிவு செய்கிறார்.

ரியோ டி ஜெனிரோவில் லுவாவை வளர்த்த ரொபெர்த்தோவின் குழுவும் ஒருமுறை இதிலிருந்து விலகியது. 2006-இல் வந்த லுவா 5.1 'மாட்யூல்' என்றொரு ஃபங்ஷனைத் தந்தது. அதை முதல் வரியில் அழைத்த ஃபைல்களை அந்நாளில் நிறையப் படித்திருக்கிறேன். தட்டச்சு மிச்சம், ஆனால் குளோபலில் பெயர்கள் கேட்காமலே முளைக்கும், எது எங்கிருந்து வந்தது என்று தேடியே நேரம் போகும். 2011-இல் 5.2 அதைக் கைவிட்டது. கொடுத்த வசதியைத் திரும்பப் பெறும் துணிவு எல்லா மொழிகளுக்கும் வாய்ப்பதில்லை.

வேண்டாததைக் குறைக்கும் அந்த மனம் இப்போது அரிது; பத்து வரி வேலைக்கும் முகம் தெரியாதவரின் பேக்கேஜ். 2016-இல் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி பேக்கேஜ் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது எத்தனையோ புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. அதற்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை.

அடுத்த முறை இன்ஸ்டால் என்று அடிக்குமுன், அந்தப் பத்து வரியை உங்கள் சொந்த ஃபைலில் எழுதிப் பாருங்கள். கடைசியில் மறக்காமல் 'ரிட்டர்ன் எம்' போடுங்கள்.