புதுக்கோட்டையைக் கூறுபோட்ட கணக்கு

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே புதுக்கோட்டை ஒரு மக்களவைத் தொகுதி. வல்லத்தரசு, உமாநாத், திருச்சி சிவா, கடைசியாக 2004இல் ரகுபதி என்று வரிசையாக எம்.பி.க்களை அனுப்பிய ஊர். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் போட்ட கோடுகள் 2008இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பெயரே பட்டியலில் இல்லை.

பெயர் போனதற்காக மட்டும் வருந்தத் தேவையில்லை. பெரியகுளம் போய்த் தேனி வந்தது, திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி வந்தது. அங்கெல்லாம் பலகை மாறியது, வீடு இருந்தது. புதுக்கோட்டையில் வீட்டையே பிரித்துவிட்டார்கள். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. மாவட்டம் ஒன்று, எம்.பி.க்கள் நால்வர், நால்வரின் தொகுதியும் வேறு ஊரின் பெயரில்.

ஆணையத்துக்குக் கணக்குதான் நெருக்கடி என்பார்கள். அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி, 39ஆல் வகுத்தால் தொகுதிக்கு 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 14.6 லட்சம் பேர். பத்து விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம். ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வேண்டும். மாவட்டத்துக்கு ஆணையம் ஒதுக்கியதும் ஆறு. நிர்வாக எல்லையையும் மக்களின் வசதியையும் கருத வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அப்புறம் ஏன் பிரித்தார்கள்? சிவகங்கை மாவட்டத்திலும் ராமநாதபுரம் மாவட்டத்திலும் நான்கு நான்குதான். அக்கம்பக்கத்துப் பள்ளங்களை நிரப்ப மண் எடுத்த இடம் புதுக்கோட்டை.

விராலிமலைத் தொகுதியின் அன்னவாசல்காரர் மாவட்ட ஆட்சியரைப் பார்க்க ஏறும் பேருந்து புதுக்கோட்டைக்குப் போகிறது. எம்.பி.யைப் பார்க்க மணப்பாறையையும் தாண்டிக் கரூர் போக வேண்டும். எந்த உறவில் அன்னவாசலையும் கரூரையும் முடிச்சுப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் "பழைய தொகுதியை மீட்போம்" என்ற குரலோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. பழைய தொகுதியும் மாவட்டத்தின் அளவுக்குத் தைத்த சட்டையல்ல. தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் அதற்குள் இருந்தன; சொந்த மாவட்டத்துத் திருமயம் அப்போதே சிவகங்கைத் தொகுதியில். அறந்தாங்கியைப் பிரித்ததிலும் ஒரு நியாயம் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களின் படகு பிடிபடுவது பாக் நீரிணையில். ராமேசுவரத்துக்காரர்களின் வழக்கும் அதே வழக்கு. இருவருக்கும் ஒரே எம்.பி. வாதாடுவது பலவீனமல்ல, பலம்.

ஆகவே, 2008 வரைபடம் தவறு. முக்கியமாக விராலிமலையைக் கரூரில் ஒட்டவைத்ததும், மாவட்டத் தலைநகரைத் திருச்சி மாநகரத்தின் வாலாக்கியதும். அடுத்த மறுவரையறையில் கேட்க வேண்டியது பழைய தொகுதியை அல்ல. அறந்தாங்கியைக் கடற்கரையோடு விட்டுவிட்டு, மற்ற ஐந்தோடு முன்பே பழகிய பேராவூரணியைச் சேர்த்து ஒரு தொகுதி கேட்கலாம். தஞ்சாவூருக்கு ஒன்று குறையும், சிவகங்கைக்கு இரண்டு குறையும். சிவகங்கைக்காரர்கள் மேலூர்ப் பக்கம் கை நீட்டுவார்கள். மதுரை சும்மா இருக்காது.