ரோட்டை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பழக்குவது

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பி வேடிக்கை பார்க்கும் ஒரு நிகழ்ச்சியை ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி 1991இல் தொடங்கியது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் அதை ‘ஓல்ட் எனஃப்’ என்ற பெயரில் உலகத்துக்குக் காட்டியது. அதிலிருந்து வெட்டிய துண்டுகள் நம் குடும்ப வாட்ஸப் குழுக்களுக்கு வந்துசேர அதிக நாள் ஆகவில்லை. மஞ்சள் தொப்பி, முதுகில் பெட்டி மாதிரி ஒரு பை, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் குட்டிப் பெண். கூடவே ஒரு குட்டிப் பிரசங்கமும் வரும்: பார், இதுதான் வளர்ப்பு, நாம்தான் பிள்ளைகளைப் பொத்திப் பொத்திக் கெடுக்கிறோம்.

பிரசங்கம் இப்போது ஆலோசனையாகவே முற்றிவிட்டது. பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர்கள், மூன்றாம் வகுப்பு தாண்டினால் பள்ளியிலிருந்து தனியாக நடந்துவர விடுங்கள், தன்னம்பிக்கை தானாக வரும் என்கிறார்கள். துணைக்கு அமெரிக்காவையும் இழுக்கிறார்கள். 2008இல் லெனோர் ஸ்கெனாசி என்ற பத்தி எழுத்தாளர் தன் ஒன்பது வயது மகனை நியூயார்க் சுரங்க ரயிலில் தனியாக வீட்டுக்கு வரவிட்டு, அதைப் பற்றி எழுதி, ஊர் முழுக்கத் திட்டு வாங்கினார். அந்தத் திட்டிலிருந்தே ஓர் இயக்கம் பிறந்தது. பிள்ளையைத் தனியே நடக்கவிடுவது அலட்சியமாகாது என்று 2018இல் யூட்டா மாநிலம் சட்டமே போட்டது.

இந்தக் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. நடந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்குத் தன் தெரு தெரியும். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும், மழை வந்தால் எந்தக் கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கலாம் என்பதெல்லாம் வேனின் ஜன்னல் வழியாகக் கற்கிற பாடங்கள் அல்ல. ஆள் கடத்துகிறவன் பற்றிய பயமும் அளவுக்கு மீறியதுதான். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்றே தேசியக் குற்ற ஆவணங்கள் ஆண்டுதோறும் சொல்கின்றன. வீட்டுக்குள் பூட்டிவைப்பது பாதுகாப்பு என்றால், அந்தக் கணக்கு உதைக்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது வேறு. பிள்ளை தனியாக நடக்கலாமா என்ற கேள்வியை இவர்கள் பெற்றோரின் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அனுப்புகிறவர் தைரியசாலி, அனுப்பாதவர் கோழை, அனுப்பப்படும் பிள்ளை தன்னம்பிக்கைக்காரன். நடுவில் ஒரு ரோடு கிடக்கிறதே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சிப் பிள்ளை நிஜத்தில் தனியாகப் போகவில்லை. வழி முன்கூட்டியே சரிபார்க்கப்படுகிறது, அக்கம்பக்கத்துக்குச் சொல்லப்படுகிறது, வழிப்போக்கர் வேடத்தில் கேமராவை ஒளித்துக்கொண்டு ஆட்கள் பின்னாலேயே போகிறார்கள். அது நிகழ்ச்சி, போகட்டும். அன்றாடம் பள்ளிக்கு நடக்கும் ஜப்பானியப் பிள்ளையைப் பாருங்கள். பெரும்பாலும் அது படிப்பது தன் வட்டாரத்து அரசுப் பள்ளியில். எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று குறித்துத் தந்திருக்கிறார்கள். பல ஊர்களில் காலையில் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கப் போகிறார்கள். முனைகளில் கொடி பிடித்துக்கொண்டு பெற்றோரோ ஓய்வுபெற்ற தாத்தாக்களோ நிற்கிறார்கள். ஆபத்தென்றால் உள்ளே ஓடிவரலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளும் கடைகளும் வழியெல்லாம் உண்டு.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஜப்பானின் சாலைகளும் ஒரு காலத்தில் கொலைக்களமாகத்தான் இருந்தன. 1970இல் மட்டும் 16,765 பேர் செத்தார்கள்; போக்குவரத்துப் போர் என்றே அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் கீழே. இடையில் அவர்கள் கட்டிப்போட்டது வண்டியை. நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வாங்க முடியும் என்ற சட்டம் 1962இலேயே வந்துவிட்டது. அதனால் குடியிருப்புத் தெருக்களில் இரவெல்லாம் கார்கள் வரிசைகட்டி நிற்பதில்லை. நடக்கிற பிள்ளை எதிரே வருபவரின் கண்ணுக்குத் தெரிகிறது. 2011 முதல் குடியிருப்புப் பகுதிகளை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் அடக்கும் மண்டலங்கள் வந்தன.

அப்படியும் 2021 ஜூனில் சிபா மாகாணத்தின் யாச்சிமாத்தாவில், பள்ளி விட்டு நடந்துவந்த ஐந்து பிள்ளைகள் மீது குடித்துவிட்டு ஓட்டியவரின் லாரி ஏறியது. இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதை இல்லை, தடுப்பு இல்லை. அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பள்ளி வழிகளைச் சோதித்து, சரிசெய்ய வேண்டிய இடங்கள் என எழுபதாயிரத்துக்கும் மேல் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல் போடுகிற பழக்கம்தான் அந்த மஞ்சள் தொப்பிக்குப் பின்னால் நிற்கிறது. நாம் தொப்பியை மட்டும் பார்வர்ட் செய்கிறோம்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடி வலப்பக்கம் பார். இதற்கு அறுபதுகளிலேயே விடை சொன்னவர் ஸ்வீடனின் உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ். சின்னப் பிள்ளைகளைப் போக்குவரத்துக்கு முழுதாகப் பழக்கிவிட முடியாது என்பதுதான் அவர் ஆராய்ந்து கண்டது. வருகிற வண்டியின் வேகத்தை மதிப்பிடும் திறன் தொடக்கப் பள்ளி வயதில் இன்னும் முற்றுவதில்லை. பந்து உருண்டால் பின்னால் ஓடுவது கீழ்ப்படியாமை அல்ல, ஏழு வயதின் இயல்பு. ஆகவே போக்குவரத்துதான் பிள்ளைக்குத் தக்கபடி மாற வேண்டும். சாண்டல்ஸின் முடிவைப் படித்த பிறகும் ‘பழக்குங்கள்’ என்று ஒருவர் எழுத முடியுமானால், அவர் பேசுவது பிள்ளையைப் பற்றி அல்ல என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் தனியாகப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 விழுக்காடு. அதே காலத்தில் சாலையில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலைகள் பத்திரமாகிவிட்டன என்று அரசு மார்தட்டியது. சாலை மாறவில்லை, பிள்ளைகளை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார் ஹில்மன். நம் ஊரில் ‘நாங்களெல்லாம் மூணு மைல் நடந்தோம்’ என்று தொடங்கும் பெரியப்பாக்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும். பெரியப்பா நடந்தது உண்மை. ஆனால் அன்று அந்த ரோட்டில் மணிக்கு ஒரு பஸ் வந்தது, அதையும் கை காட்டி நிறுத்தலாம்.

இன்றைய சென்னைப் புறநகரில் மாலை மூன்றரை மணிக்கு ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். நடைபாதை என்று இருப்பதில் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு இஸ்திரி வண்டி, ஏறி நிற்கும் நான்கு பைக்குகள். மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளம் மூடப்படாமல் கிடக்கும். மூடினாலும் மூடி ஒரு சாண் உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். ஜீப்ரா கோடு தேய்ந்து போயிருக்கும், தேயாமல் இருந்தாலும் அதைப் பார்த்து நிற்கிற வண்டி எது? ராங் சைடில் வரும் டூவீலருக்காக எந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது? தண்ணீர் லாரிக்காரருக்கு அடுத்த நடை அவசரம். 2022இல் இந்தியாவில் சாலையில் நடந்துபோய் இறந்தவர்கள் 32,825 பேர். அதே ஆண்டு நாட்டிலேயே அதிகமான விபத்துகள், 64,105, நடந்தது தமிழ்நாட்டில். இந்த ரோட்டுக்கு எட்டு வயதுப் பிள்ளையை அனுப்பும் துணிச்சலைத் தைரியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. தனியாக நடக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. எந்த மாநகராட்சிப் பள்ளி மணி அடிக்கும் நேரத்திலும் வாசலுக்குப் போங்கள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் பையையும் தானே தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஒரு நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை வந்துகொண்டிருப்பாள். அம்மா வீட்டுவேலைக்குப் போயிருப்பார், அப்பா கட்டடத்தில் இருப்பார். அவளை யாரும் வீடியோ எடுத்துப் பின்னணி இசை போட்டு அனுப்புவதில்லை. அவள் செய்வது சுயசார்புப் பயிற்சி என்று எந்த நிபுணரும் பாராட்டியதில்லை. கார் உள்ள வீட்டுப் பிள்ளை நடந்தால் வளர்ப்பு, கார் இல்லாத வீட்டுப் பிள்ளை நடந்தால் கவனிப்பாரற்ற நிலை. அந்த ரோட்டில் ஏற்கெனவே நடப்பவர்களைக் கண்ணில் படவிடாத ஒரு பாராட்டு, ரோட்டைச் சரிசெய்யச் சொல்லி ஒரு மனு எழுதுமா?

எழுதாது. ஏனென்றால் அந்த மனுவில் பாராட்டுகிறவரின் பெயரும் எதிர்த்தரப்பில் இருக்கும். பள்ளி வாசலை அபாயமாக்குவதில் பாதிப் பங்கு, பிள்ளையை அழைத்துப்போக வந்த பெற்றோரின் வண்டிகளுடையது. ஒரு பிள்ளைக்கு ஒரு கார், அதுவும் கேட்டை ஒட்டியே நிற்க வேண்டும், வெயிலில் பத்தடி நடக்கக் கூடாது. மிச்சம் ஸ்கூல் வேன்கள். அவற்றின் லட்சணமும் நமக்குத் தெரியும்: 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அப்போதும் நாம் கேட்டது நல்ல பேருந்து. ஆறு வயதுப் பிள்ளை எதற்கு அவ்வளவு தூரம் பேருந்தில் போக வேண்டும் என்று கேட்கவில்லை.

அந்தத் தூரத்தை நாம்தான் தேர்ந்தெடுத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியை நடுத்தர வர்க்கம் எப்போதோ கைகழுவிவிட்டது. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் இடம் வாங்கிவிட்டு, பிள்ளை நடந்து வரலாமா என்று விவாதிப்பதில் என்ன பொருள்? ஜப்பானியப் பிள்ளை நடப்பதற்கு முதல் காரணம் அதன் அம்மாவின் மனத்திடம் அல்ல, பள்ளி பக்கத்தில் இருப்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் எதிர்வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளிக்குப் போவது. நம் அடுக்கக வாசலில் காலையில் ஏழு நிறத்தில் ஏழு வேன் வருகிறது. யாருடன் சேர்ந்து நடப்பது?

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்பது தெரிகிறது. நல்ல பள்ளியைத் தேடுவது குற்றமா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். பெண் பிள்ளையைப் பெற்றவர்களின் பயம் வண்டிகளோடு மட்டும் முடிவதும் இல்லை. ஆனால் இந்தப் பயங்களையெல்லாம் ‘உங்கள் மனத்தடை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பயம் ரோட்டை ஒழுங்காகப் பார்த்துச் சொன்ன கருத்து. அதைக் கேட்டு மாநகராட்சியிடம் போக வேண்டியதற்குப் பதிலாக, பயப்படுகிறவரை ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள்.

நெதர்லாந்தில் 1971இல் ஒரே ஆண்டில் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் இறந்தார்கள். அங்கே பெற்றோர் தைரியப் பயிற்சிக்குப் போகவில்லை. ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரில் இயக்கம் கட்டி, தெருவில் உட்கார்ந்து வண்டிகளை மறித்தார்கள். இன்று உலகம் வியக்கும் டச்சு சைக்கிள் பாதைகளின் பின்னால் அந்தக் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கும் காகிதம் இல்லாமல் இல்லை. நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது; போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடு அவர்களுக்கு என்றது அந்தக் கொள்கை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்த பெற்றோர் ஆசிரியர் கழகம் எத்தனை இருக்கும்?

அதுவரை பிள்ளைகளைப் பூட்டியா வைப்பது என்பது நியாயமான கேள்வி. வேண்டாம். பக்கத்தில் பள்ளி இருக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து நடக்கட்டும். ஒரு பெரியவர் முறை வைத்துக் கூடப் போகட்டும், அவர் பெரிய ரோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பிவிடலாம். பள்ளி விடும் அரை மணி நேரம் பள்ளித் தெருவின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தலாம். ஐரோப்பாவில் பல நகரங்கள் இதைச் செய்கின்றன, செலவும் அதிகம் இல்லை: இரண்டு தடுப்பு, இரண்டு ஆள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து சொல்லிப் பாருங்கள். எங்கள் காரை அப்போது எங்கே நிறுத்துவது என்று முதலில் கேட்பவரின் செல்போனில் அந்த ஜப்பான் வீடியோ கட்டாயம் இருக்கும்.