இடமும் உடையும்

மர்மக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 'ஒரு வீடு' என்று எழுதிவிட்டு அவன் மேலே போய்விடலாம். எத்தனை ஜன்னல், சுவரில் என்ன வர்ணம் என்பதெல்லாம் வாசகன் கற்பித்துக்கொள்ள வேண்டியது. 'ஒரு பெண் வந்தாள்' என்றால் அவளுக்குப் புடவை உடுத்திவிடும் பொறுப்பும் வாசகனைச் சேர்ந்ததுதான். சினிமாக்காரனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. வீடு என்றால் குறிப்பிட்ட ஒரு வீட்டைக் காட்டியாக வேண்டும். பெண் என்றால் குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட தினுசில் எதையோ அணிந்திருக்கும் பெண்ணைக் காட்டியாக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தைத் தொல்லையாக எண்ணுகிற டைரக்டர்கள் அநேகம் பேர். அதையே கைமுதலாகப் போட்டு வியாபாரம் செய்தவர் ஆல்பிரட் ஹிட்ச்காக்.

திகில் படத்துக்கு இன்ன இடம், இன்ன உடை என்று வெகு நாளாகவே ஒரு ஜாபிதா இருந்து வருகிறது. நடுநிசி, மழை, பாழடைந்த பங்களா, கிறீச்சிடும் கதவு. வில்லனுக்குக் கறுப்புக் கோட்டு. ஆவிக்கு வெள்ளைப் புடவை. இவற்றைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நிஜமாகவே பயமுறுத்தியவைதாம். ஆனால் ஜாபிதாவில் உள்ள முதல் சாமானைக் கண்டதுமே ரசிகன் தயாராகிவிடுகிறான். தயாராக இருப்பவனைத் தூக்கிவாரிப் போட வைக்கலாம். வீடு திரும்பிய பிறகும் நினைத்துப் பயப்படும்படி செய்வது கஷ்டம்.

'நார்த் பை நார்த்வெஸ்ட்' 1959-ல் வெளிவந்த படம். அதில் கதாநாயகனை ஓர் இடத்துக்கு வரவழைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள். வழக்கமாக இதை எப்படிப் படம் பிடிப்பார்கள் என்று ஹிட்ச்காக், பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவிடம் பின்னால் விவரித்திருக்கிறார்: இருட்டான தெருமுனை, மழையில் நனைந்த கல்பாவிய தரை, ஒரு விளக்குக் கம்பம், ஒரு கறுப்புப் பூனை. இதற்கு நேர்மாறாக என்ன செய்யலாம் என்று யோசித்தாராம். பட்டப்பகல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான வயல்வெளி, நடுவே நேராக ஓடும் ஒரு ரோடு. ரோட்டோரத்தில் கேரி கிராண்ட் நிற்கிறார். ஒரு கார் வருகிறது, போகிறது. எதிர்ப்பக்கம் ஒருவன் வந்து நிற்கிறான்; பஸ் வந்ததும் ஏறிக்கொள்கிறான். ஏறுமுன், அதோ பறக்கும் விமானம் பயிரே இல்லாத இடத்தில் மருந்து தெளிக்கிறதே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். பின்னணிச் சங்கீதம்கூட இல்லை. பிறகு அந்த விமானம் திரும்புகிறது.

இங்கே பயம் எங்கிருந்து வருகிறது? இருட்டில் ஆபத்து ஒளிந்துகொண்டிருக்கும். அது எங்கே என்று தேடுவதிலேயே நம் கவனம் போய்விடும். இந்த வெளியிலோ ஆபத்து எதிரே தெரிகிறது. ஒளிய இடமில்லாமல் தவிப்பவன் மனிதன். அத்துடன் அவன் உடையையும் பாருங்கள். நியூயார்க் விளம்பரக் கம்பெனி உத்தியோகஸ்தனின் கச்சிதமான சாம்பல் நிற ஸூட்டு. நகரத்துக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த உடை, வயல் நடுவில் அவனைக் குறி வைக்கச் சௌகரியமான புள்ளியாக்கிவிடுகிறது. இடமும் உடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது எழும் சங்கடந்தான் அந்தக் காட்சியின் உயிர்.

அதே படத்தில் இன்னொரு ஸூட்டு வருகிறது. கதாநாயகனைக் காப்லான் என்ற வேறொருவனாக எண்ணி எதிரிகள் துரத்துகிறார்கள். அந்தக் காப்லானின் ஹோட்டல் அறைக்குப் போய் இவன் அங்கிருக்கும் உடையை வைத்துப் பார்க்கிறான். அளவு குட்டை. அப்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. காப்லான் என்று ஒருவன் உலகத்திலேயே இல்லை, ரகசிய இலாகாக்காரர்கள் அவன் பெயரில் வெறும் துணிமணிகளை ஹோட்டலுக்கு ஹோட்டல் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்போது, அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. ஆளில்லாத சட்டைக்காக ஒரு மனிதன் சாக இருக்கிறான்! சிகாகோ ரெயில்வே ஸ்டேஷனில் அவனே போர்ட்டர் உடையில் தப்பிக்கும்போது போலீஸார் சிவப்புத் தொப்பி அணிந்த போர்ட்டர்களை ஒவ்வொருவராகப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். வேடிக்கைதான். ஆனால் உடையைப் பார்த்தே ஆளை நிர்ணயிக்கும் நம் எல்லோருடைய வழக்கமும் அங்கே அம்பலமாகிறது.

இந்த விஷயத்தை வேடிக்கை இல்லாமல், கடைசி மட்டும் கொண்டுபோன படம் 1958-ல் வந்த 'வெர்டிகோ'. உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் ஒரு மாஜி துப்பறிவாளன். அவனை வைத்திருக்கும் ஊர் ஸான் பிரான்ஸிஸ்கோ. மேடும் பள்ளமுமான ஊர். அவன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே ஒரு கோபுரம் தெரிகிறது. இதற்கு மேல் பேய் பங்களா எதற்கு? முக்கிய சம்பவம் நடப்பது ஸான் ஹுவான் பட்டீஸ்டா என்ற பழைய மாதா கோயிலில். கோயில் நிஜம், படத்தில் வரும் கோபுரம் அங்கே கிடையாது. சினிமாத் தந்திரத்தால் உண்டாக்கி வைத்தது. கதையில் நடக்கும் சதியும் அப்படித்தான்: பெரும்பகுதி நிஜம், வேண்டிய இடத்தில் ஒரு பொய்.

நண்பனின் மனைவியைப் பின்தொடர்கிறான், காதலிக்கிறான், அவள் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்துபோனதாக நம்புகிறான். பிறகு தெருவில் அதே முகச்சாயலில், ஆனால் பகட்டான பச்சை உடையில், கடைச் சிப்பந்தியான ஒரு பெண்ணைக் காண்கிறான். இறந்தவள் அணிந்திருந்த அதே சாம்பல் நிற உடையைத் தேடி வாங்கி அவளுக்கு அணிவிக்கிறான். தலைமயிரின் நிறத்தை மாற்றச் சொல்கிறான். கொண்டையையும் அதே மாதிரி போட வேண்டும் என்கிறான். அவள்தான் முன்பு மனைவியாக நடித்தவள் என்ற ரகசியத்தை ஹிட்ச்காக் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். பாலோ, நார்ஸ்ஜாக் என்ற இருவர் எழுதிய மூல நாவலில் அது முடிவில்தான் வெளிப்படுகிறது. ஆகவே படத்தில் ஜவுளிக் கடைக் காட்சி ஒவ்வொன்றும் நமக்குச் சித்திரவதை. அவன் ஒரு பிணத்துக்கு அலங்காரம் செய்வதாக எண்ணுகிறான்; அவளோ தூக்குக் கயிற்றைத் தானே கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். கடைசியில் காட்டிக்கொடுப்பதும் கழுத்தில் அணிந்த ஒரு நகைதான்.

கிம் நோவக்குக்கு அந்தச் சாம்பல் உடை பிடிக்கவில்லையாம், விறைப்பாக இருந்ததாம். உடை அமைத்த ஈடித் ஹெட் எவ்வளவோ பார்த்தும் ஹிட்ச்காக் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அசௌகரியமே நடிப்புக்கு உதவியது என்று நோவக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரவல் உடையில் இருக்கும் பெண்ணாக நடிப்பவளுக்கு உடை சுகமாக இருந்துவிட்டால் எப்படி?

சதியில் பெரிய ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதாநாயகன் படிக்கட்டில் பாதியில் நின்றுவிடுவான் என்று எந்த வில்லன் நிச்சயமாக நம்புவான்? எழுத்தில் படித்தால் இந்தக் கேள்வி உடனே எழும். படத்தில் எழுவதில்லை. அந்தப் படிக்கட்டின் பாதாளத்தை நாமும் எட்டிப் பார்த்துவிடுகிறோம். நமக்கே கால் நகருவதில்லை.

நம் பக்கத்திலும் ஏறக்குறைய இதே கதை உண்டு. 1964-ல் ராஜ் கோஸ்லாவின் ஹிந்திப் படம் 'வோ கௌன் தீ', மழை இரவில் வெள்ளைப் புடவையில் ஸாதனாவைக் காட்டி நாட்டையே பயமுறுத்தியது. 1966-ல் அது தமிழில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க 'யார் நீ?' ஆயிற்று. ஒரே முகம், இரண்டு பெண்கள். ஆனால் இரட்டைப் பிறவி என்ற விளக்கம் வந்ததும் வெள்ளைப் புடவை வெறும் புடவையாகிவிடுகிறது. பயம் அங்கேயே முடிந்தது. 'வெர்டிகோ'வில் விளக்கம் வந்த பிறகுதான் உடையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நம் படங்களில் ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு புடவை மாறிவிடுவது எல்லோரும் அறிந்த விஷயம். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு புடவையாவது மனத்தில் தங்கினால்தானே அது திரும்ப வரும்போது நெஞ்சு திடுக்கிடும்? குளியலறைக் கதவு திறந்து, ஹோட்டல் விளம்பர விளக்கின் பச்சை வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் உடை மறுபடியும் நடந்து வருகிறது. அவன் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் சீக்கிரம் கொண்டையை முடிந்துகொண்டு வரமாட்டாளா என்று நாமும் அவனோடு சேர்ந்து காத்திருந்தோமே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.