பேழையும் ஏடும்

ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் செல்லச் செல்ல, மதிலுக்குள் மதிலாகக் கல் உயர்கிறது. அரியதைச் சுற்றி அரண் எழுப்புவது மாந்தர் இயல்பு. இடைக்கால அயர்லாந்தின் துறவியர் தம் திருநூல்களுக்கு எழுப்பிய அரண், வெள்ளியாலும் வெண்கலத்தாலும் ஆனது. 'கும்தாக்' எனப்பெற்ற இப்பேழைகளின் அழகில் நாமும் மயங்கியவர்களே. ஆயினும் ஓர் ஐயம் நம்மை விடவில்லை.

1001-க்கும் 1025-க்கும் இடையே உருவான 'சொஸ்கேல் மொலாஷ்' டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நடுவே சிலுவை, நாற்புறமும் மனிதன், சிங்கம், காளை, கழுகு என நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்கள். நால்வரும் காவல் நிற்கின்றனர். உள்ளே நற்செய்தி இல்லை. ஏடு எப்போதோ தொலைந்தது.

1007-இல் கெல்ஸ் மடத்து நற்செய்தி நூல் இரவில் களவு போயிற்று. இரண்டு திங்களுக்கு மேல் கழிந்தபின் மண்ணுக்கடியில் கிடைத்தபோது பொன்னுறை இல்லை. காக்க வந்த பொன்னே கள்வனை அழைத்தது எனலாம்.

'கத்தாக்' எனும் திருப்பாடல் ஏட்டின் வரலாறு இன்னும் துயரமானது. புனித கொலும்பாவின் கையெழுத்தென மரபு போற்றும் ஏடு அது. 1062-க்கும் 1098-க்கும் இடையே அதற்குப் பேழை செய்தனர். 'கத்தாக்' என்றால் போராளி. ஓடோனல் குலத்தார் போருக்குமுன் அப்பேழையைப் படையைச் சுற்றி மும்முறை வலமாகச் சுமந்துவரச் செய்தனர். வாசிக்க எவரும் திறக்கவில்லை. உள்ளிருப்பது கொலும்பாவின் எலும்புகள் என்ற பேச்சும் நாளடைவில் எழுந்தது! 1813-இல் வில்லியம் பெத்தம் திறந்தபோது ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எஞ்சியவை 58 தாள்கள்.

இங்கேதான் நம் கருத்து வேறுபடுகிறது. புனிதரின் அருளிக்கத்தைப் பேழையிலிட்டு மூடுவதில் குறையில்லை. 1637-இல் கோவாத் தட்டார் செய்தளித்த வெள்ளிப் பேழையில் புனித சவேரியாரின் உடல் துயில்கிறது. 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை மக்கள் காணக் கீழே இறக்கப்பட்டது. எலும்பு பேச வேண்டியதில்லை. அதன் அருகில் நிற்பதே போதும். நூலோ வாசிப்பவன் நாவில்தான் உயிர்க்கிறது. அதை அருளிக்கம்போல் பூட்டியது பக்தியின் பிழை என்றே நமக்குத் தோன்றுகிறது. (பொன் விளிம்பிட்ட விவிலியத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துச் சாவியைத் தொலைத்த வீடுகளை நாமும் அறிவோம்.)

நம் பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குப் பொற்பேழை வாய்க்கவில்லை. இரு மரச்சட்டம், ஒரு கயிறு, சுற்றிக் கட்டத் துணி. ஓலைச்சுவடிக்கு நம்மவர் அளித்த காப்பு அவ்வளவே. கட்டை அவிழ்த்து, தூசு தட்டி, எண்ணெய் பூசாவிடில் செல்லரித்துவிடும். பழைய ஓலை நைந்தால் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். 1726-இல் நிறைவுற்ற அக்காப்பியம் 1851-இல் புதுவையில் அச்சேறத் தொடங்கும்வரை இவ்வாறே கைமாறி வந்தது. பெயர்த்தெழுதியோர் பிழைகளும் செய்தனர்; அப்பிழைகள் அவர்கள் ஏட்டைத் திறந்ததற்குச் சான்று.